குடியாத்தத்து அப்பா ஒருவருக்கு: எந்த நுழைவுத் தேர்வு, எப்படித் தயாராவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கிறேன். மகள் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், தமிழ் வழி, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படுகிறாள். ஜேஇஇ எழுது, விஐடி தேர்வு எழுது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வேலூரில் ஒரு தனியார் பள்ளியில் பாடத்தோடு சேர்த்துக் கோச்சிங்கும் தருகிறார்களாம். கடன் வாங்கியாவது அங்கே மாற்றிவிடலாமா? எந்தத் தேர்வு எழுதவைப்பது, எப்படிப் படிக்கவைப்பது?"

முதலில் அந்தக் கடனை வாங்காதீர்கள். பள்ளியையும் மாற்றாதீர்கள். தேர்வு பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் பிறகு சரிசெய்ய வழியில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, பொறியியல் கல்லூரி இடங்களில் 7.5 சதவீதம் முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2021-இல் வந்தது. கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி உட்பட அண்ணா பல்கலைக்கழக இடங்களுக்கும் இது பொருந்தும். அப்படிச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. பெண் பிள்ளை என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். உங்கள் மகள் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என ஐந்து வருடம் அந்த உரிமையைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது தனியார் பள்ளிக்குப் போனால் அத்தனையும் போய்விடும்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் காட்பாடியில் கணக்கும் இயற்பியலும் சொல்லித் தருகிறேன். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் வீட்டில் நகையை அடகு வைத்து ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்த்துக்கொண்ட பள்ளியும் இதைச் சொல்லவில்லை, வீட்டாருக்கும் தெரியவில்லை. கலந்தாய்வு விண்ணப்பத்தில் படித்த பள்ளிகளின் விவரம் நிரப்பும்போதுதான் அவன் அப்பாவுக்கு விஷயம் புரிந்தது. என் மாடிப்படியில் உட்கார்ந்து, "ரெண்டு வருஷம்தானே சார் மாத்தினோம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

சரி, இனித் தேர்வுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்குத் தனி நுழைவுத் தேர்வு முன்பு இருந்தது. 2006-இல் இயற்றிய சட்டத்தால் நீங்கியது. 2007-08 சேர்க்கையிலிருந்து பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். ஆகவே உங்கள் மகள் எழுதப்போகும் முதல் நுழைவுத் தேர்வு, மார்ச் மாதத்துப் பொதுத் தேர்வுதான். இதைச் சொன்னால் பெற்றோர் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, ஏதோ சாதாரணமாகச் சொல்லிவிட்டது போல. ஆனால் கணக்கைப் பாருங்கள். கட்ஆஃப், அதாவது கலந்தாய்வில் தரவரிசை போட எடுக்கும் மதிப்பெண், 200-க்கு. கணக்கு 100 அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகச் சுருங்கி 50, 50 ஆகும். கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 வாங்கினால் 92-உம் 42-உம் 44-உம் சேர்ந்து 178. கணக்கில் ஒரு மதிப்பெண் விட்டால் ஒன்று முழுதாகப் போகும், மற்ற இரண்டில் விட்டால் அரைதான் போகும். இரண்டு பேருக்கு ஒரே கட்ஆஃப் என்றாலும் முதலில் பார்ப்பது கணக்கு மதிப்பெண்ணைத்தான். வேலூர் பாகாயத்திலேயே தந்தை பெரியார் அரசினர் பொறியியல் கல்லூரி இருக்கிறது, ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. இவற்றுக்கும் கிண்டிக்கும் குரோம்பேட்டை எம்ஐடிக்கும் போகிற வழி இந்த ஒரு கூட்டல்தான்.

கணக்குத் தாளில் எழுத்துத் தேர்வு 90. அதில் 20 மதிப்பெண், ஒரு மதிப்பெண் வினாக்கள், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வது. நம் பிள்ளைகள் இதை எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? புத்தகத்தின் பின்பக்க வினாக்களை எடுத்து, கேள்வியின் முதல் வரியையும் விடையையும் சேர்த்து மனப்பாடம் செய்கிறார்கள். எண்ணை மாற்றிக் கேட்டாலும் கை பழைய விடைக்கே போகும். உங்கள் மகளிடம் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் கொண்டுவாருங்கள்: ஒரு மதிப்பெண் வினா ஒவ்வொன்றையும் ரஃப் நோட்டில் படிப்படியாகப் போட்டுத்தான் விடையைத் தொட வேண்டும். மற்ற மூன்று விடைகள் ஏன் தப்பு என்றும் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். பொதுத் தேர்வுக்கும், என்ஐடி, ஐஐடி போன்ற மத்திய அரசுக் கல்லூரிகளுக்கான ஜேஇஇ தேர்வுக்கும் நடுவில் பாலம் அதுதான். எந்தக் கோச்சிங்கிலும் கடைசியில் இதைத்தான் செய்யவைக்கிறார்கள்.

அடுத்து, பிளஸ் ஒன் பாடம். பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திக்கொண்டிருந்ததால்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26-இலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் 'பொதுத் தேர்வு இல்லையே' என்று பிளஸ் ஒன்னை விளையாட்டாக விட்டால் அடி பலமாக விழும். ஜேஇஇ வினாக்களில் பாதிக்கு அருகில் பிளஸ் ஒன் பாடம். இயற்பியலில் இயக்கவியல், சுழற்சி, வெப்பவியல், அலைவுகள், அலைகள் எல்லாம் அங்கேதான். கணக்கில் இன்னும் மோசம். எல்லை, வகையிடல், தொகையிடல் மூன்றையும் நம் மாநிலப் புத்தகம் பிளஸ் ஒன்னிலேயே முடித்துவிடுகிறது. பிளஸ் டூவில் வருவது அவற்றின் பயன்பாடு மட்டும். பன்னிரண்டு அத்தியாயங்களில் நான்கு இந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கின்றன. பிளஸ் ஒன்னில் தொகையிடல் தெரியாத பிள்ளை பிளஸ் டூவில் பரப்பளவு கணக்கிடவே முடியாது.

ஆக, நுழைவுத் தேர்வு எது? என் கருத்து: ஜேஇஇ மெயின் ஒன்றைக் குறி வையுங்கள். மற்றவை அதன் பின்னால் வரட்டும்.

காரணம் இருக்கிறது. திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. அதற்கு வழி ஜேஇஇ மெயின் மட்டும்தான், பிளஸ் டூவில் 75 சதவீதம் அல்லது போர்டில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும் என்பதும் உண்டு. 2021-இலிருந்து இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். திரையில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் தெரியும். விண்ணப்பிக்கும்போதே தமிழ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி போன்ற உயர் நிறுவனங்களில் இடம் பிடிக்கும் பிள்ளைகளின் படிப்புச் செலவை முழுதாக ஏற்கும் திட்டமும் தமிழக அரசிடம் உள்ளது.

மூன்று மணி நேரம், 75 வினா, 300 மதிப்பெண். பாடத்துக்கு 25 வினா, அதில் 20 தேர்ந்தெடுப்பது, 5 விடையை எண்ணாகத் தட்டுவது. சரியானால் 4, தப்பானால் ஒன்று கழியும். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும், ஜனவரியிலும் ஏப்ரலிலும். எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்வார்கள். நம் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைக்கு ஜனவரி தோதான மாதம் இல்லை. அரையாண்டு முடிந்து திருப்புதல் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும், பாடமும் முழுதாக முடிந்திருக்காது. அதனால் ஜனவரியை ஒத்திகையாக எழுதச் சொல்லுங்கள். மையத்துக்குள் போய் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் மூன்று மணி நேரம் எழுதிவிட்டு வந்தாலே பயம் பாதி போய்விடும். மதிப்பெண் குறைந்தால் வீட்டில் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஏப்ரல்தான் அவளுக்கு உண்மையான தேர்வு, பொதுத் தேர்வு முடிந்து சூடு ஆறாமல் எழுதுவாள்.

ரிசல்ட்டில் வருவது பெர்சென்டைல், சதவீதம் அல்ல. 99 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்கு 99 வாங்கினாள் என்று பொருள் இல்லை, நூறு பேரில் 99 பேர் அவளுக்கு இணையாகவோ கீழோ இருக்கிறார்கள் என்று பொருள். இப்போது எழுதுகிறவர்கள் சுமார் 15 லட்சம் பேர். 99 வந்தாலும் தரவரிசை 15,000 பக்கம். இது முன்பே தெரிந்தால் 90 வந்த அன்று ஊரெல்லாம் லட்டு கொடுத்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டியிருக்காது.

ஜேஇஇ அட்வான்ஸ்ட் என்பது ஐஐடிக்கானது. மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேர்தான் எழுதலாம். ஒரே நாளில் இரண்டு தாள், ஆங்கிலமும் இந்தியும் மட்டும். இதை இப்போது மனதில் வைக்காதீர்கள். பிளஸ் டூ தொடக்கத்தில், கஷ்டமான கணக்கு ஒன்றை விடாமல் இரண்டு நாள் மனதில் போட்டு உருட்டுகிற பிள்ளையாக அவள் இருந்தால், அப்போது யோசிக்கலாம்.

விஐடி நம் ஊர்ப் பல்கலைக்கழகம், 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. அதன் நுழைவுத் தேர்வுக்குத் தனியாகத் தயாராக வேண்டியதில்லை, பாடம் அதே பாடம். இரண்டரை மணி நேரத்தில் 125 வினா, கணக்கு 40, இயற்பியல் 35, வேதியியல் 35, மீதி திறனறிவும் ஆங்கிலமும். வினாவுக்கு 72 நொடிதான் கிடைக்கும். ஜேஇஇயில் 144 நொடி, சரியாக இரண்டு மடங்கு. அதனால் ஜேஇஇக்குப் படித்த பிள்ளை இதில் கடைசி இரண்டு வாரம் வேகத்தை மட்டும் பழகினால் போதும். தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே ஒன்றையும் காலியாக விடக் கூடாது. தேர்வு ஆங்கிலத்தில் என்பதை மறக்க வேண்டாம். தரவரிசையைப் பொறுத்துக் கட்டணப் பிரிவு மாறும். வீட்டில் எந்தப் பிரிவு வரை தாங்கும் என்பதைத் தேர்வுக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் பேசினால் கடனில்தான் முடியும். இன்னொன்று, ஸ்டார்ஸ் என்ற திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மாணவன், ஒரு மாணவி என அரசுப் பள்ளியில் பிளஸ் டூவில் முதலிடம் வரும் கிராமப்புறப் பிள்ளைகளை அங்கே இலவசமாகப் படிக்கவைக்கிறார்கள். அதற்கும் அடிப்படை பொதுத் தேர்வு மதிப்பெண்தான்.

இனிப் படிக்கிற விதம். பொதுத் தேர்வுக் கேள்விக்கும் நுழைவுத் தேர்வுக் கேள்விக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்கு நான் கரும்பலகையில் ஒரே ஒரு வளைவரை போட்டுக் காட்டுவேன். y = x² − 4x + 3. x அச்சை 1-லும் 3-லும் வெட்டும், அடிப்புள்ளி x = 2-இல், உயரம் −1. பொதுத் தேர்வில், 'இந்த வளைவரைக்கும் x அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு என்ன' என்பார்கள். 1-லிருந்து 3 வரை தொகையிட்டால் 4/3, ஐந்து மதிப்பெண். நுழைவுத் தேர்வில் இப்படி வரும்: |x² − 4x + 3| = k என்ற சமன்பாட்டுக்கு நான்கு தீர்வுகள் இருக்க k எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும்? இதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. வரைபடத்தில் கீழே இருக்கும் குழியை மேலே மடித்துப் பாருங்கள். −1 என்ற அடிப்புள்ளி +1 என்ற மேடாக மாறும். இப்போது k உயரத்தில் ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். மேட்டின் உச்சிக்குக் கீழே போனால் நான்கு இடத்தில் வெட்டும், உச்சியைத் தொட்டுப் போனால் மூன்று, அதற்கு மேலே இரண்டு. ஆக k, 0-க்கும் 1-க்கும் இடையில். பேனாவை எடுக்கவே வேண்டாம். பாடம் ஒன்றுதான், படம் போட்டுப் பார்க்கிற பழக்கம்தான் வேறு. பிளஸ் ஒன் புத்தகத்தில் சார்புகளின் வரைபடம் பற்றிய பகுதியை எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். உங்கள் மகள் அங்கே ஒரு மாதம் நிற்கட்டும்.

தமிழ் வழியில் படிப்பது குறையே இல்லை. ஆனால் சொற்கள் ஒரு இடத்தில் கால் வாரும். உந்தம் என்பது ஆங்கிலத்தில் மொமெண்டம். நிலைமத் திருப்புத்திறன் என்பது மொமெண்ட் ஆஃப் இனர்ஷியா. இந்த இரண்டு ஆங்கிலச் சொல்லும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதால், ஆங்கில வீடியோ பார்க்கும் தமிழ் வழிப் பிள்ளைகள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, சுழற்சி பாடம் முழுவதும் குழம்பிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று பாடம் பாடமாக எழுதிவரச் சொல்லுங்கள். ஒரு வருடத்தில் நோட்டு நிறையும். விஐடி தேர்வுக்கும், பிறகு கல்லூரி முதல் வருடத்துக்கும் அந்த நோட்டே கை கொடுக்கும்.

வேதியியலுக்கு மட்டும் மாநிலப் புத்தகத்தோடு மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2024-இல் ஜேஇஇ பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள். உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் போன்றவை அங்கே இல்லை, நம் பிளஸ் டூ புத்தகத்தில் உண்டு. இவற்றைப் பொதுத் தேர்வுக்குப் படித்தால் போதும். ஜேஇஇ என்று சொல்லி யாராவது பழைய கைடைக் கொடுத்தால் இந்தப் பாடங்கள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது பழசு.

தப்பு நோட்டு ஒன்று வேண்டும். நான் வற்புறுத்துவது இதை மட்டும்தான். மாதிரித் தேர்வு முடிந்ததும் தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் காரணம் எழுத வேண்டும்: பாடம் தெரியாததா, தெரிந்தும் கை தவறியதா, நேரம் போதாததா. போன வருடம் ஒரு பெண் தன் நோட்டைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள், "சார், எனக்குக் கெமிஸ்ட்ரி வராதுன்னு நினைச்சிட்டிருந்தேன். பாதி தப்பு கூட்டல் கழித்தல் குறியிலதான் போயிருக்கு." அதுவரை ஆறு மாதம் வேதியியலுக்காக அழுதுகொண்டிருந்த பெண். நோயைத் தெரிந்துகொண்டால்தானே மருந்து.

ஜேஇஇயில் தெரியாத வினாவுக்கு குத்துமதிப்பாக விடை போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நான்கில் ஒன்று, சரியானால் 4, தப்பானால் −1. கணக்குப்படி சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம்தான். ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவனுக்கு. 'இதுவாக இருக்கும்போல' என்று போடும்போது பெரும்பாலும் தப்பான விடையில்தான் விழுவோம், ஏனென்றால் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறுகளிலிருந்துதான் அந்த மற்ற மூன்று விடைகளையும் உருவாக்குகிறார்கள். இரண்டு விடை நிச்சயமாகத் தப்பு என்று தெரிந்தால் மீதி இரண்டில் ஒன்றைத் தொடலாம். இல்லையென்றால் அடுத்த வினாவுக்குப் போவதே மேல்.

கோச்சிங்குக்குப் பதிலாக என்ன? ஐஐடி கான்பூரோடு சேர்ந்து மத்திய கல்வி அமைச்சகம் நடத்தும் சாத்தீ தளத்தில் வகுப்புகளும் மாதிரித் தேர்வுகளும் இலவசம். ஜேஇஇயை நடத்தும் தேசிய தேர்வு முகமையின் தளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் பள்ளி ஹைடெக் லேபில் வாரம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள், தலைமையாசிரியர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. பாடம் புரியாத இடத்துக்கு மட்டும் உள்ளூரில் ஒரு நல்ல கணக்கு டியூஷன் வையுங்கள், போதும்.

காகித வேலை இரண்டு உண்டு. உங்களிடம் இருக்கும் பிசி அல்லது எம்பிசி சாதிச் சான்று தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குப் போதும், ஜேஇஇ சேர்க்கைக்குப் போதாது. அங்கே மத்திய அரசு வடிவில், கிரீமி லேயர் (வசதி மிகுந்த பிரிவு) இல்லை என்று குறிப்பிடும் ஓபிசி சான்று வேண்டும், அதுவும் சேருகிற வருடம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது. இ-சேவை மையத்தில் போட்டு தாலுகா ஆபீஸிலிருந்து வருவதற்குள் நாளாகிவிடும், ஏப்ரல் முதல் வாரமே போட்டுவிடுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றையும் கூடவே வாங்குங்கள். அப்புறம் ஆதாரில் இருக்கும் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் இருப்பது போலவே இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். ஜேஇஇ விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ தொடங்கும், அன்றைக்குப் போய் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்க வேண்டாம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். பள்ளியில் கடைசியாக நடந்த கணக்குத் தேர்வின் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, அதில் தவறிய ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் மகளை மறுபடி போடச் சொல்லுங்கள், படிகளோடு. தொகையிடலும் வரைபடமும் எங்கே தடுக்கிறது என்பது அந்த ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அதை எழுதி அனுப்புங்கள், எந்த அத்தியாயத்திலிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.